நத்தை ஓடுகளில் பழங்கடல்களின் எல்லைகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கண்டப் பெயர்ச்சி குறித்து வெளியான கட்டுரையில், கல்லாகிப்போன கடல்நத்தைகளும் அதற்கொரு சான்று என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: மலை மீது கடல்நத்தையின் புதைபடிவம் கிடைத்தால், அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது புரிகிறது. அதற்கு மேல் அந்த ஓட்டிலிருந்து என்ன அறிந்துவிட முடியும்?

ஒற்றை ஓட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டால், நீங்கள் சொன்னதற்கு மேல் அதிகம் சொல்ல முடியாது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லியோனார்டோ டா வின்சி அந்த எல்லை வரை வந்துவிட்டார். வட இத்தாலிய மலைகளில் கிடைத்த ஓடுகளை, பைபிள் சொல்லும் 40 நாள் பிரளய வெள்ளம்தான் கொண்டுவந்து போட்டது என்று பலரும் நம்பிய காலம் அது. நாளொன்றுக்கு மூன்று நான்கு முழமே நகரக்கூடிய ஒரு மட்டி, ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து 250 மைல் தொலைவிலுள்ள மொன்ஃபெராட்டோ பகுதிக்கு அந்த 40 நாட்களில் எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று அவர் தம் குறிப்பேட்டில் கணக்குப் போட்டுக் கேட்டார். கடல் அங்கேயே இருந்தது என்பதுதான் அவர் கண்ட முடிவு.

அந்தக் கடல் வேறு எந்தக் கடலோடு தொடர்பு கொண்டிருந்தது, எதனிடமிருந்து பிரிந்து கிடந்தது என்பது அடுத்த கேள்வி. அதற்கு, ஒரே காலத்தைச் சேர்ந்த பாறைகளில் வெவ்வேறு இடங்களில் கிடைக்கும் நத்தைகளின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள டர்னெஸ் என்னும் ஊரின் சுண்ணாம்புப் பாறைகள் இதற்கு நல்ல உதாரணம். 1854-ல் சுங்க அலுவலராக இருந்த சார்லஸ் பீச் என்பவர் அப்பாறைகளில் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார். அவற்றை ஆராய்ந்த ஜான் வில்லியம் சால்ட்டர், அவற்றில் இருந்த நத்தைகள் பிரிட்டனின் மற்ற பகுதிகளில் கிடைப்பவற்றைப் போலில்லாமல் வட அமெரிக்க வகைகளை ஒத்திருப்பதைக் கவனித்தார். அவற்றுள் ஒன்று, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மேடாகவும் சுருண்ட கனத்த ஓட்டைக் கொண்ட மக்ளூரைட்டஸ் வகை. ஓட்டின் வாயை அடைத்துக்கொள்ளும் தடித்த மூடிகூடச் சில இடங்களில் தனியே கிடைக்கும். இதே வகையைச் சேர்ந்த பெரிய நத்தைகள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், சாம்ப்ளேன் ஏரித் தீவொன்றின் கரிய சுண்ணாம்புக் கல்லில் நிறைய உண்டு. அந்தக் கல்லைப் பாவிய வெர்மான்ட் சட்டமன்றக் கட்டடத்தின் தரையில், உறுப்பினர்கள் அந்த நத்தைகளின் மீது நடந்துதான் அவைக்குப் போகிறார்கள்.

டர்னெஸிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தெற்கே வேல்ஸிலும் இங்கிலாந்திலும் உள்ள ஏறத்தாழ அதே காலத்துப் பாறைகளில் காணப்படும் உயிரினத் தொகுப்பு வேறு. அட்லாண்டிக்கின் இரு கரைகளில் ஒற்றுமையும், ஒரே தீவின் இரு முனைகளில் வேற்றுமையும் இருப்பதற்குச் சால்ட்டரின் காலத்தில் சரியான விளக்கம் கிடையாது. 1966-ல் கனடா நிலவியலாளர் ஜான் டூசோ வில்சன், இன்றைய அட்லாண்டிக்குக்கு முன்னரே அங்கு வேறொரு பெருங்கடல் இருந்து, அது மூடிக்கொண்டு, பிறகு ஏறத்தாழ அதே இடத்தில் புதிதாக ஒன்று திறந்ததா என்ற கேள்வியை எழுப்பினார். பழைய காலத்துக் கடலுயிர்கள் இப்படி இரண்டு தொகுப்புகளாகப் பிரிந்து கிடந்ததே அவருடைய வாதத்தின் அடிப்படை. இன்று ஐயாபெட்டஸ் என்று அழைக்கப்படும் அந்தப் பெருங்கடல் சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் மூடியது. பின்னாளில் அட்லாண்டிக் திறந்தபோது பிளவு அதே தடத்தில் செல்லாததால், வட அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த ஒரு துண்டு ஸ்காட்லாந்தாக ஐரோப்பாவின் பக்கம் தங்கிவிட்டது. டர்னெஸ் நத்தைகள் வாழ்ந்தது அந்தத் துண்டின் கரையோரக் கடலில்.

ஆக, நத்தைகளைக் கொண்டு பழைய கடற்கரையின் வளைவு நெளிவுகளை வரைய முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடல்வழி எங்கே தொடர்ந்தது, எங்கே அறுந்தது என்பதையே அவை தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: நத்தை மெதுவாக ஊரும் உயிர். ஓர் இனம் இரண்டு கண்டங்களின் கரைகளில் இருந்தது என்றால், அந்தக் கரைகள் ஒட்டியிருந்தன என்றுதானே பொருள்? இதில் சந்தேகத்துக்கு என்ன இடம்?

பெரிய இடம் இருக்கிறது. வளர்ந்த நத்தை ஊர்கிறது என்பது உண்மையே. ஆனால் பல கடல்நத்தைகளின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும், இறகு போன்ற மடல்களை அசைத்துக்கொண்டு கடல்நீரில் மிதந்து, நுண்ணிய பாசிகளைத் தின்று வாரக்கணக்கிலும், சில இனங்களில் மாதக்கணக்கிலும் வாழ்கின்றன. நீரோட்டம் போகும் இடத்துக்கெல்லாம் அவையும் போகும். ருடால்ஃப் ஷெல்டெமா என்ற ஆய்வாளர் நுண்வலைகளைக் கொண்டு நடு அட்லாண்டிக்கில் நீரை அரித்தபோது, கரையோர நத்தைகளின் மிதக்கும் குஞ்சுகள் அதில் சிக்கின. இத்தகைய இனம் ஒன்று கடலின் இரு கரைகளிலும் காணப்பட்டால், கரைகள் ஒட்டியிருந்தன என்று முடிவுகட்டக் கூடாது. இடையில் நீர்வழி அடைபடாமல் இருந்தது என்று மட்டுமே சொல்லலாம்.

வேறு சில இனங்களில் மிதக்கும் பருவமே இல்லை. முட்டைப் பையிலிருந்தோ தாயின் உடலிலிருந்தோ முழு நத்தையாகவே வெளிவந்து, பிறந்த பாறையிலேயே ஊரத் தொடங்கிவிடும். கல்லாகிப்போன ஒரு நத்தை இவற்றுள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எப்படி அறிவது? இங்கேதான் நத்தைக்கு மற்ற பல உயிர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. நத்தை தன் ஓட்டை நுனியிலிருந்து வாய்ப்பக்கமாகக் கூட்டிக்கூட்டிக் கட்டுகிறது. எதையும் கழற்றிப் போடுவதில்லை. அதனால் குஞ்சுப் பருவத்தில் அது சுமந்த ஓடு, வளர்ந்த ஓட்டின் உச்சி நுனியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியை அந்த நத்தையின் பிறப்புச் சான்றிதழ் என்றே சொல்லலாம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மிதந்து வளர்ந்த நத்தையின் நுனி மிகச் சிறிய புள்ளியில் தொடங்கி, நெருக்கமான பல சுற்றுகளாகச் சுருண்டு, ஒரு குறிப்பிட்ட கோட்டில் சட்டென முடிந்து, அதற்கப்பால் வளர்ந்த ஓட்டின் வரிகளும் முடிச்சுகளும் தொடங்கும். அது மிதப்பதை விட்டுக் கடலடித் தரையில் இறங்கிய தருணத்தின் தடம் அந்தக் கோடு. மிதக்காமல் பிறந்த நத்தையின் நுனியோ பருத்து, மழுங்கி, ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்றோடு முடிந்துவிடும். மஞ்சள் கரு நிறைந்த பெரிய முட்டையில் வளர்ந்ததன் அடையாளம் அது. நுனி தேய்ந்தோ உடைந்தோ போன ஓடுகளே அதிகம் கிடைக்கும் என்பதால், முழு நுனியோடு கிடைக்கும் சிறிய ஓட்டுக்கு அலங்காரமான பெரிய சங்கை விட மதிப்பு அதிகம்.

டேவிட் ஜப்லான்ஸ்கி என்ற தொல்லுயிரியலாளர், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தின் இறுதியில் வட அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரம் வாழ்ந்த நத்தைகளை இந்த முறையில் வகைப்படுத்தினார். மிதக்கும் குஞ்சுகளைக் கொண்ட இனங்கள் பரந்த பகுதியில் பரவியிருந்தன, நீண்ட காலம் அழியாமலும் இருந்தன என்று அவருடைய ஆய்வு காட்டியது. எனவே, கடல்களுக்கு இடையேயான தடைகளைத் தேடுகிறவர் முதலில் மிதக்காத இனங்களின் பரவலைப் பார்ப்பது நல்லது. அவை சிறிய தடைக்கும் நின்றுவிடும்.

இந்த விதிக்கும் விலக்கு உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அருகிலுள்ள தீவிலிருந்தே 300 கிலோமீட்டருக்கு அப்பால் அட்லாண்டிக்கில் துருத்தி நிற்கும் ராக்கால் என்ற தனிப் பாறையில், குஞ்சுகளைத் தன் உடலுக்குள் வைத்துப் பெறும் லிட்டோரினா சாக்ஸாட்டிலிஸ் என்னும் நத்தை வாழ்கிறது. ஆனால் மிதக்கும் குஞ்சுகளைக் கொண்ட அதன் உறவினமான லிட்டோரினா லிட்டோரியா அங்கு இல்லை. 1988-ல் இந்த முரணை எடுத்துக்காட்டிய கெர்ஸ்டின் யோஹான்னெசன் தந்த விளக்கம் எளிமையானது. கருவுற்ற ஒரே ஒரு தாய் நத்தை ஏதோ ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாலே அங்கு ஒரு குடி உருவாகிவிடும். ஆனால் மிதந்து வரும் குஞ்சுகளில் ஆணும் பெண்ணுமாகப் போதுமானவை அதே சிறு பாறையில் வந்து இறங்க வேண்டும்.

கேள்வி: டெத்திஸ் என்ற கடல் மறைந்துபோனது என்கிறார்கள். ஒரு கடல் முழுவதுமே மறைந்துபோனால் அதைப் பற்றி நத்தைகள் என்ன சொல்ல முடியும்?

ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவர்ட் சூயஸ் 1893-ல் டெத்திஸ் என்று பெயரிட்ட அந்தக் கடல், ஆப்பிரிக்காவும் அரேபியாவும் இந்தியாவும் வடக்கே நகர்ந்து யூரேசியாவோடு மோதும் வரை, வெப்பமண்டலத்தின் ஊடாகக் கிழக்கு மேற்காக நீண்டு கிடந்தது. அதன் அடிப்பரப்பில் பெரும்பகுதி கண்டங்களுக்கு அடியில் புதைந்துவிட்டது. விளிம்புகளில் வாழ்ந்த நத்தைகள் மட்டும் பாரிஸ் முதல் பாகிஸ்தான் வரை பாறைகளில் சிதறிக் கிடக்கின்றன.

பாரிஸ் வட்டாரத்தில் சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சுண்ணாம்புப் படிவுகளில் கேம்பனைல் ஜைகான்டியம் என்ற நத்தை கிடைக்கிறது. கோபுரம் போல் குறுகிச் செல்லும் அதன் ஓடுகளில் அரை மீட்டரைத் தாண்டியவை பல உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் அதை 1804-லேயே விவரித்துவிட்டார். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நத்தைகளின் புதைபடிவங்கள் மேற்கு ஐரோப்பாவில் தொடங்கி, வட ஆப்பிரிக்கா, மேற்காசியா, பாகிஸ்தான் என்று கிழக்கே செல்கின்றன. மேற்குப் பக்கம் பார்த்தால் ஜமைக்காவிலும் உண்டு. அதே காலத்து வெலாட்டெஸ் என்ற நத்தையும் ஏறத்தாழ இதே பாதையில் செல்கிறது. மேலிருந்து பார்த்தால் கவிழ்த்த தொப்பி போலிருக்கும். திருப்பினால் வழவழப்பான அடிப்பரப்பும் அதன் ஓரத்தில் பல்வரிசையும் தெரியும். வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாத உருவம் என்பதால் ஆய்வாளர்கள் இதைப் பெரிதும் நம்புகிறார்கள். பிரான்ஸ், எகிப்து, பாகிஸ்தான் ஆகிய நாடுகளைத் தவிர, கலிபோர்னியாவில் இயோசீன் எனப்படும் அதே காலத்துப் பாறைகளிலும் இந்தப் பேரினம் கிடைத்திருக்கிறது. வட, தென் அமெரிக்காக்களுக்கு இடையே அப்போது நிலம் இல்லை என்பதை நினைவில் கொண்டால், டெத்திஸில் தொடங்கிய வெப்பக்கடல் பாதை அட்லாண்டிக்கைக் கடந்து பசிபிக் வரை தடையின்றிச் சென்றது விளங்கும்.

இவ்வளவு தூரம் பரவிய கேம்பனைல் குடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது ஒரே ஓர் இனம். அது ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையில் வாழ்கிறது. இதை மட்டும் பார்க்கிற ஒருவர், இக்குடும்பம் ஆஸ்திரேலியாவில் தோன்றியது என்று நினைக்கக்கூடும். இன்றைய பரவலை வைத்துக்கொண்டு பழைய பரவலை ஊகிப்பது எவ்வளவு தவறாக முடியும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டெத்திஸின் முடிவையும் நத்தைகளே காட்டுகின்றன. சுமார் 1.9 கோடி ஆண்டுகளுக்கு முன் அரேபியா யூரேசியாவோடு சேர்ந்து நிலப்பாலம் உருவாகும் வரை, மத்தியதரைக் கடல் பகுதிக்கும் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கும் பொதுவான நத்தைகள் இருந்தன. பிறகு இரு பட்டியல்களும் விலகிக்கொண்டே போயின. இயோசீன் காலத்தில் தென்மேற்கு ஐரோப்பாவை ஒட்டிய கடல்களில் உச்சத்தில் இருந்த உயிரின வளம், பின்னர் அரேபியப் பகுதிக்கும், அதன் பின் இன்றைய இந்தோனேசியத் தீவுக்கூட்டத்துக்கும் இடம் மாறியது. சோழிகளும் கூம்புச் சங்குகளும் இன்று அங்கே குவிந்திருப்பதன் பின்னணி இது.

டெத்திஸின் வடக்கே பிரிந்துபோன கிளைக்கடல் ஒன்று மத்திய ஐரோப்பாவில் மெல்ல அடைபட்டது. முதலில் உப்பு மாறுவதைத் தாங்க முடியாத பவளங்கள் முதலியவை மறைந்தன. அங்கு மட்டுமே வாழும் நத்தை இனங்கள் பெருகின. சுமார் 1.16 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடர்பு முற்றிலும் அறுந்து, இன்றைய ஹங்கேரியை மையமாகக் கொண்ட பன்னோன் ஏரி உருவானது. அந்தப் படிவுகளில் கடல்நத்தைகள் நின்றுபோக, உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் மெலனாப்சிஸ் பேரினம் விதவிதமான வடிவங்களில் பெருகியது. கடல் ஏரியான காலத்தை அங்கே பாறை அடுக்கில் விரல் வைத்துக் காட்டலாம்.

கேள்வி: புதிதாக நிலம் எழுந்து கடலைப் பிரிப்பது ஒரு வகை. நிலம் மூழ்கி இரண்டு கடல்கள் சேர்ந்தால் நத்தைகள் இரு பக்கமும் சமமாகக் கலந்துவிடுமா?

சமமாகக் கலப்பது அபூர்வம். இரண்டு வகை நிகழ்வும் நிலவியல் அளவில் அண்மைக் காலத்தில் நடந்திருப்பதால், இதைப் பற்றி நல்ல பதிவுகள் உள்ளன.

பிரிவுக்கு உதாரணம் பனாமா. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலச்சந்தி முழுமையடைந்து, கரீபியக் கடலும் கிழக்குப் பசிபிக்கும் பிரிந்தன. ஸ்ட்ரோம்பினா என்ற சிறிய நத்தைக் கூட்டம் அதற்கு முன் இரு பக்கமும் செழித்திருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. இன்று பசிபிக் பக்கம் பல இனங்கள் வாழ, கரீபியனில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே எஞ்சியுள்ளன. நிலச்சந்தி எழுந்ததும் பசிபிக் பக்கம் ஆழ்நீர் மேலேறி ஊட்டம் தருவது தொடர்ந்தது. கரீபியன் பக்கம் ஊட்டம் குறைந்து நீர் தெளிந்தது. ஆனால் கரீபியனில் பெரும் அழிவு நிலச்சந்தி முழுமையடைந்த உடனே நிகழவில்லை. பத்து லட்சம் ஆண்டுகள் அளவுக்குப் பிந்தியே அது வந்தது. ஆகவே ஓரிடத்தில் இனங்கள் மறையும் காலத்தை அப்படியே தடை உருவான காலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சேர்க்கைக்கு உதாரணம் பெரிங் நீரிணை. சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த நிலம் சுமார் 55 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாக உடைபட்டு, பசிபிக்கும் ஆர்க்டிக் வழியாக அட்லாண்டிக்கும் தொடர்பு கொண்டன. கீராட் வெர்மெய் 1991-ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தப் பரிமாற்றத்தில் கலந்துகொண்ட அல்லது கலந்துகொண்டவற்றிலிருந்து தோன்றிய மெல்லுடலி (நத்தை, மட்டி முதலியவை) இனங்கள் 295. அவற்றுள் 261 பசிபிக்கைப் பூர்வீகமாகக் கொண்டவை. அட்லாண்டிக்கைப் பூர்வீகமாகக் கொண்டவை 34 மட்டுமே. வட அட்லாண்டிக்கில் பல இனங்கள் அழிந்து இடம் காலியாக இருந்ததை அவர் முக்கியக் காரணமாகக் கருதினார். சிறு வயதிலேயே பார்வையை இழந்த வெர்மெய், ஓடுகளை விரல்களால் தடவியே ஆராய்பவர். ஓட்டின் தடிப்பையும் வாய் விளிம்பின் பற்களையும் உடைந்து ஒட்டிய தழும்புகளையும் பார்வையுள்ளவர்களை விட அவர் கூர்ந்து கவனித்தார் என்பதை அவருடைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் உணரலாம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ரெட் கிராக் எனப்படும் செந்நிற மணற்படிவுகளில் நெப்டூனியா என்ற பசிபிக் பூர்வீகச் சங்கு கிடைக்கிறது. வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் சுருண்டவை அங்கே மிகுதி. பசிபிக்கிலிருந்து வந்தவை அங்கு குடியேறி விட்டதற்கு இது நேரடிச் சாட்சி. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இன்று பாறைகளில் அப்பிக்கிடக்கும் நியூசெல்லா லாப்பில்லஸ் என்னும் நத்தையின் முன்னோரும் இதே வழியில் வந்தவையே. அதற்கு மிதக்கும் குஞ்சுப் பருவம் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: இரு இடங்களில் நத்தைகள் வேறுபட்டால் இடையில் நிலம் இருந்தது என்றே கொள்ள வேண்டுமா? ஒரு பக்கம் குளிர்ந்த நீராக இருந்திருக்கலாமே?

மிகச் சரியான ஐயம். நீரின் வெப்பநிலையும் தடையாக இருக்கக்கூடும். செனகல் முதலான மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் இன்று வாழும் பெர்சிஸ்டிஸ்ட்ரோம்பஸ் லாட்டஸ் என்னும் பெரிய சங்கு, மயோர்க்கா, சார்டீனியா போன்ற மத்தியதரைக் கடல் தீவுகளின் உயர்ந்த பழங்கரை மேடைகளில் புதைபடிவமாகக் கிடைக்கிறது. சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனியுகங்களுக்கு இடைப்பட்ட வெதுவெதுப்பான காலத்தில் அது உள்ளே வந்தது. குளிர் திரும்பியதும் மறைந்தது. மத்தியதரைக் கடலின் வாயிலான ஜிப்ரால்டர் நீரிணை அன்றும் இன்றும் திறந்தே இருக்கிறது. மாறியது நீரின் வெப்பம்.

தடையையும் குளிரையும் பிரித்தறிய ஓட்டின் வேதியியல் உதவும். நீர் குளிரக் குளிர, ஓட்டில் சேரும் ஆக்சிஜனில் அதன் கனமான வகையான ஆக்சிஜன்–18-இன் விகிதம் கூடும். ஓட்டின் சுருளை ஒட்டி நுனியிலிருந்து வாய் வரை சிறு சிறு இடைவெளியில் துளையிட்டுத் தூளெடுத்து அளந்தால், கோடையும் குளிர்காலமும் அலையலையாகத் தெரியும். மேலே சொன்ன பாரிஸ் கேம்பனைல் ஓடுகளை இப்படி ஆராய்ந்தபோது, அவை சுருளின் நீளத்தில் ஆண்டுக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தது தெரியவந்தது. வெப்பக்கடலில்தான் இப்படி வளர முடியும். ஆற்று நன்னீர் கலந்தாலும், நீர் மிகுதியாக ஆவியானாலும் இந்த விகிதம் மாறும். ஓட்டின் மூலக் கனிமமான அரகோனைட் கால்சைட்டாக மாறிவிட்டிருந்தால் அளவீடே பயன்படாது. ஆகையால் எந்த ஓட்டை அளப்பது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஜுராசிக், கிரிட்டேசியஸ் காலங்களின் நெரினியா வகை நத்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுக வெட்டினால் உட்சுவர்களிலிருந்து நீளும் மடிப்புகள் சிக்கலான கோலம் போல் தெரியும். வெதுவெதுப்பான ஆழமற்ற சுண்ணாம்புக் கடல்களையே அவை விரும்பின என்பதால், அவை கிடைக்கும் இடங்களை இணைத்தால் அன்றைய வெப்பக்கடல் வளையமே கிடைத்துவிடும். கிரிட்டேசியஸ் முடிவில் அவை அழிந்துவிட்டன.

கேள்வி: இந்த முறையில் தவறாக முடிவெடுத்த நிகழ்வுகள் உண்டா?

எளிதில் தவறக்கூடிய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்து, மெருகிட்டு நகைக்கல்லாக விற்கப்படும் 'டரிட்டெல்லா அகேட்' என்ற கல்லில் நீண்ட சுருள் நத்தைகள் நெருக்கமாகப் பொதிந்திருக்கும். டரிட்டெல்லா என்பது கடல்நத்தை. கல்லில் இருப்பதோ எலிமியா டெனெரா என்னும் நன்னீர் நத்தை. இயோசீன் காலத்தில் அங்கே இருந்தது ஓர் ஏரி. விற்பனைப் பெயரை நம்பினால், கண்டத்தின் நடுவில் இல்லாத ஒரு கடலை வரைபடத்தில் சேர்த்துவிடுவோம். நீண்ட சுருள் வடிவம் தொடர்பில்லாத பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருப்பதால் உருவ ஒற்றுமை மட்டும் போதாது.

ஆழத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வாய் விளிம்பில் நீண்ட பிளவைக் கொண்ட புளூரோடொமேரியா என்ற நத்தைக் குடும்பம் அழிந்துபோனது என்று கருதப்பட்டு, 1856-ல் கரீபியனில் கிடைத்த ஓர் உயிருள்ள இனம் விவரிக்கப்பட்டது. இன்று இக்குடும்பம் ஆழமான நீரிலேயே வாழ்கிறது. ஆனால் ஜுராசிக் காலத்தில் இதன் உறவினங்கள் ஆழமற்ற கடல்களில் ஏராளம். இன்றைய வாழிடத்தை முன்வைத்து அந்தப் பாறைகளை ஆழ்கடல் படிவு என்று சொன்னால் பெரும்பிழை.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், தேடல் சமமாக நடக்கவில்லை என்பது. பாரிஸ் வட்டாரத்தை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தோண்டியிருக்கிறார்கள். உலகின் பல பகுதிகளில் அதில் நூற்றில் ஒரு பங்கு உழைப்பும் செலவாகவில்லை. ஓரிடத்தில் ஓர் இனம் 'இல்லை' என்று எழுதப்பட்டிருந்தால், அங்கே எத்தனை பேர் தேடினார்கள் என்று கேட்ட பிறகே அதை ஏற்க வேண்டும்.

கேள்வி: அண்டார்டிகாவிலும் கடல்நத்தைப் புதைபடிவங்கள் உண்டா?

உண்டு. அண்டார்டிக் தீபகற்பத்தை ஒட்டிய சீமோர் தீவில் கிரிட்டேசியஸ் காலத்திலிருந்து இயோசீன் வரையிலான கடற்படிவுகளில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை ஆராய்ந்த வில்லியம் சின்ஸ்மைஸ்டர், தென் அமெரிக்காவின் தெற்கு முனை, அண்டார்டிகா, நியூசிலாந்து, தென்கிழக்கு ஆஸ்திரேலியா ஆகியவற்றின் கரையோரக் கடல்கள் அன்று ஒரே உயிரினப் பகுதியாக இருந்தன என்று கண்டு அதற்கு 'வெடெலியன்' எனப் பெயரிட்டார். ஸ்ட்ரூதியோலேரியா குடும்பம் இதற்கு நல்ல சாட்சி. இன்று இக்குடும்பத்து நத்தைகள் நியூசிலாந்திலும், கெர்குவெலன், தெற்கு ஜார்ஜியா போன்ற தென்கடல் தீவுகளிலும் வாழ்கின்றன. ஆனால் தென் அமெரிக்காவின் தெற்கிலுள்ள படகோனியாவில் டார்வின் சேகரித்த புதைபடிவங்களிலேயே இக்குடும்பத்தின் ஓர் இனம் இருந்தது. 1846-ல் வெளியான அவருடைய தென் அமெரிக்க நிலவியல் நூலில் அது விவரிக்கப்பட்டுள்ளது. கண்டங்கள் விலகி, அண்டார்டிகாவைச் சுற்றிக் குளிர் நீரோட்டம் ஓடத் தொடங்கிய பின்னர் அந்தப் பழைய பொதுத் தொகுப்பு சிதறியது.

கேள்வி: பாறைகளில் பதிந்த காந்தப்புலத்தை அளந்து கண்டங்கள் இருந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க நத்தைகள் இன்னும் எதற்கு?

காந்தப் பதிவு ஒரு பாறை எந்த அட்சரேகையில் உருவானது என்பதைச் சொல்லும். தீர்க்கரேகையைச் சொல்லாது. இரண்டு நிலத்துண்டுகள் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரே தொலைவில் இருந்தன என்று அறிந்தாலும், அவற்றுக்கிடையே ஒரு நீரிணை இருந்ததா, ஒரு பெருங்கடலே இருந்ததா என்பதை அதனால் கூற இயலாது. அலாஸ்கா பல இடங்களிலிருந்து வந்து ஒட்டிய துண்டுகளால் ஆனது. அவற்றுள் சிலவற்றில் கிடைக்கும் டெவோனியன் கால (சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்திய) நத்தைகள், அருகிலுள்ள வட அமெரிக்க வகைகளை விட சைபீரிய வகைகளையே ஒத்திருக்கின்றன. அந்தத் துண்டுகள் சைபீரியாவின் அண்டையில் உருவானவை என்ற கருத்துக்கு இது முக்கியமான ஆதரவு. மேலும், பாறை பின்னாளில் சூடேறினால் பழைய காந்தப் பதிவு அழிந்து புதியது பதிந்துவிடும். அதே பாறையில் ஓட்டின் உருவம் அடையாளம் காணும் அளவுக்குத் தங்கியிருப்பதும் உண்டு. இரண்டு முறைகளும் ஒத்துப்போகும் இடத்தில் வரைபடத்தை நம்பலாம். முரண்படும் இடத்தில், காந்த மாதிரியை மீண்டும் எடுப்பதோடு நத்தைகளின் பட்டியலையும் மறுபடி சரிபார்க்கிறார்கள்.